பஞ்சக்கா ஏறாத படகு

நீங்கள் கடைசியாக ஏறிய படகு ஏன் மூழ்கவில்லை? சொல்லுங்கள், பார்ப்போம்.

மரம் மிதக்கும் என்பீர்கள். மிதக்கும்தான். ஆனால் படகு ஒற்றை மரம் அல்ல, பலகைகளின் கூட்டம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு உண்டு. இடுக்கு இருந்தால் தண்ணீர் அழைக்காமலே வரும். கடவுள் காப்பாற்றினார் என்று சொல்ல வாயெடுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவர் கையில் கொட்டாப்புளிச் சுத்தியலை யாரும் பார்த்ததில்லை. பஞ்சக்கா கையில் பார்த்திருக்கிறார்கள்.

பஞ்சக்கா ஒரு படகுப் பட்டறை வீட்டின் மூத்த மருமகள். வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ். சமையலறைக் கதவைத் திறந்தால் மரத்தூள் உள்ளே வரும். பட்டறைக் கதவைத் திறந்தால் வெங்காயம் வதங்கும் வாசனை வரும். வாசலில் நீளமான பெயர்ப்பலகை. அதில் பட்டறையின் பெயரைவிட ‘அண்டு சன்ஸ்’ பெரிதாக எழுதப்பட்டிருக்கும்.

முறுக்கிய பஞ்சைப் பலகை இடுக்கில் வைத்து, மழுங்கிய உளியால் அழுத்தி, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் தட்டி உள்ளே அமர்த்துவது அவர் வேலை. கலப்பத்து அடிப்பது என்பார்கள். அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய பசையைப் பூசுவார்கள். தட்டும்போது முதலில் ‘டொக்’ என்று மொத்தையாகக் கேட்கும். பஞ்சு சரியாக அமர்ந்ததும் ‘டங்’ என்று மாறும். அந்த இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். மேலே ஓர் அடி விழுந்தால் பஞ்சு மறுபக்கம் போய்விடும், அல்லது பலகையே விலகிக்கொள்ளும். இந்த வேலையால்தான் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டது.

குடும்பத்துக்கு இரண்டு விதிகள் இருந்தன. இரண்டையும் பட்டறையைத் தொடங்கிய கொள்ளுத்தாத்தா போட்டதாகச் சொல்வார்கள். போட்டதை யாரும் பார்க்கவில்லை. விதிகளுக்கு அது ஒரு வசதி. முதல் விதி: கட்டிக்கொண்டிருக்கும் படகின் அடிமரத்தைப் பெண்கள் தொடக்கூடாது. கலப்பத்து அடிப்பதே அடிமரத்தை ஒட்டிய இடுக்கில்தான் தொடங்கும், அதுவும் மல்லாந்து படுத்துக்கொண்டு. அப்படியானால் விதி? பஞ்சு அடைக்கும் நாட்களில் விதி விடுப்பில் போய்விடும். பசை காய்ந்ததும் வேலைக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது விதி: புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது, முதல் ஓட்டத்தில் அதைக் கட்டியவர்கள் மட்டுமே ஏறலாம். நல்ல விதிதான், தன் வேலைக்குத் தானே பிணை நிற்கிற விதி. ஆனால் ‘கட்டியவர்கள்’ என்றால் யார்? மாமனார் ஏறுவார். மகன்கள் இருவரும் ஏறுவார்கள். நகரத்தில் பல் மருத்துவராக இருக்கும் மாமனாரின் தம்பி மகன், வாழ்நாளில் மரம் செதுக்கும் வாய்ச்சியைத் தொடாதவர், காரில் வந்து இறங்கி ஏறுவார். பஞ்சக்காவும் அவர் ஓரகத்தியும் கரையில் நின்று கையாட்டுவார்கள். பஞ்சக்காவுக்கு இந்த வேலையைப் பழக்கிய மாமியார், தான் அடைத்த ஒரு படகில்கூடக் கால் வைக்காமலே கண்ணை மூடிவிட்டார்.

அந்த வருடம் ஒரு பெரிய பயணிகள் படகுக்கு ஆர்டர் வந்தது. அதற்குமுன் பட்டறையில் அத்தனை பெரிய படகு கட்டியதில்லை. பலகை அறைந்து முடிந்த அன்று, மாமனாருக்குக் காப்பியை நீட்டியபடியே பஞ்சக்கா கேட்டார்.

“மாமா, இந்தத் தடவை நானும் ஏறட்டுமா?”

“எதுல?”

“படகுலதான். அடுப்புல ஏறவா உங்ககிட்ட உத்தரவு கேப்பேன்?”

“கட்டினவங்கதாம்மா முதல் ஓட்டத்துல ஏறணும். உனக்குத் தெரியாததா?”

“பல் டாக்டர் எந்தப் பலகைய அறைஞ்சாரு மாமா?”

“அவன் நம்ம ரத்தம்மா.”

“ரத்தத்த வச்சா ஓட்டைய அடைக்கிறோம்? நான் பஞ்சுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!”

கதவருகே நின்ற ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனாருக்குக் காப்பி சுட்டுவிட்டது.

“பஞ்சு திணிக்கிறது ஒரு வேலையா? தலகாணியிலகூடத்தான் பஞ்சு திணிக்கிறாங்க. அதுக்காக அவங்க எல்லாம் படகு கட்டறவங்களா?”

பஞ்சக்கா பட்டறைக்குள் போனார். பிறகு கொட்டாப்புளியை எடுத்துவந்து மாமனாரின் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சரி மாமா. இந்தப் படகுக்குத் தலகாணிக்காரங்களையே வரச் சொல்லிடுங்க.”

ஓரகத்தியும் தன் கொட்டாப்புளியைக் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். மாமனார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகன்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“என்னடா பெரிய வித்தை இது? நாமளே அடிப்போம்.”

“அப்பா, அது கொஞ்சம் பக்குவமான வேலை...” என்று இழுத்தார் மூத்தவர், அதாவது பஞ்சக்காவின் கணவர். கலப்பத்து எப்படி என்று தெரியாது. கடினம் என்று மட்டும் தெரியும். அந்த வீட்டு ஆண்களில் அவ்வளவு தெரிந்தவரே அவர் ஒருவர்தான்.

“பொம்பளைங்க தட்டித் தட்டி வாரக்கணக்குல இழுப்பாங்க. ஆம்பளை அடி ஒண்ணு விழுந்தாப் போதும்.”

விழுந்தது. கொட்டாப்புளி கைக்கு லேசாக இருக்கிறது என்று இளையவர் ஆணி அடிக்கும் இரும்புச் சுத்தியலை எடுத்துக்கொண்டார். வெளியே அவர் அடிக்க, படகுக்குள் மூத்தவர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“அப்பா, பஞ்சு உள்ள எட்டிப் பாக்குது.”

“திருப்பித் தள்ளுடா.”

மூத்தவர் உள்ளேயிருந்து தள்ளினார். வெளியே துருத்திக்கொண்டு வந்ததைப் பார்த்து இளையவர் இன்னும் ஓங்கி அடித்தார். ஒரே பஞ்சு உள்ளும் புறமும் போய்வந்துகொண்டிருந்தது. சமையலறையில் ஓரகத்தி காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, “அக்கா, எல்லாமே டொக்குதான்” என்றார்.

அப்புறம் பசை பூசினார்கள், பசைமேல் வண்ணம் பூசினார்கள். குறைகளை மறைப்பதில் வண்ணத்துக்கு ஈடு இல்லை. சில குடும்பங்களின் பெருமையும் அப்படித்தான். படகு பளபளவென்று இருந்தது.

இறக்கும் நாள் காலையில் பஞ்சக்காவுக்கு மனசு கேட்கவில்லை. படகை ஒரு சுற்று சுற்றி, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

“மாமா, சத்தம் சரியில்ல. கரையோரமாவே ஓட்டுங்க.”

“சத்தம் போடறது நீதாம்மா.”

விருந்தினர் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பல் மருத்துவர் புதுத் தோல் செருப்பு போட்டு வந்திருந்தார். படகு வழுக்கிக்கொண்டு இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் நடுவில் எழுந்து நின்று, ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசத் தொடங்கினார்.

“நாலு தலைமுறையா நம்ம படகுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல...”

“பெரியப்பா, கால் நனையுது” என்றார் பல் மருத்துவர்.

“வேர்வையா இருக்கும். சும்மா இரு. ...ஒரு சொட்டு வந்ததில்ல! ஏன்னா இது வெறும் மரம் இல்ல, பரம்பரை!”

“பெரியப்பா, பரம்பரை முழங்கால் வரைக்கும் வந்திருச்சு.”

படகு அவசரப்படவில்லை. உட்காரப் போகிற யானைபோல நிதானமாக இறங்கியது. பஞ்சக்கா சொன்னபடி மூத்தவர் துடுப்பைக் கரையோரமாகவே பிடித்திருந்ததால் சேற்றில் போய் அமர்ந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற மாமனார் பேச்சை நிறுத்தவில்லை, ஒலிபெருக்கிதான் நின்றது. கரையிலிருந்த விருந்தினரில் யாரோ பழக்கத்தில் இன்னொரு முறை கைதட்டிவிட்டார்.

உண்மையை முதலில் சொன்னவர் பல் மருத்துவர். மிதந்துபோகும் செருப்பை எட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஓர் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார்.

“பெரியப்பா, இது சொத்தைப் பல்ல அடைக்கிற மாதிரி. அழுத்தம் கூடினா பல்லே பொளந்துடும். இத்தனை வருஷமா இத அடைச்சது யாரு?”

எல்லோருடைய கண்ணும் கரைக்குப் போனது. கரையில் பஞ்சக்கா காய்ந்த புடவையோடு நின்றிருந்தார். பழைய வழக்கப்படி கையாட்ட வேண்டுமா, கூடாதா என்பதுதான் அப்போது அவருடைய சந்தேகம்.

படகை மேலே இழுத்தார்கள். இரண்டு நாள் மாமனார் பேசவில்லை. மூன்றாவது நாள் இரண்டு கொட்டாப்புளிகளையும் துடைத்து, தானே சமையலறை வாசலில் கொண்டுவந்து வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டு ஆண்களின் வாயில் அதுவரை நுழைந்ததில்லை. இடுக்கு போதவில்லை போலிருக்கிறது.

“வேலைய முடிச்சுத் தரேன் மாமா” என்றார் பஞ்சக்கா. “ஆனா முதல் ஓட்டத்துல யார் ஏறணும்னு நான்தான் சொல்வேன்.”

மாமனார் உடனே ஒப்புக்கொண்டார். மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூழ்கிய படகில் மறுபடி ஏற அந்த வீட்டில் ஓர் ஆணும் தயாராக இல்லை. “பொம்பளைங்கள முன்னால விடணும்னு நான் எப்பவும் சொல்றதுதானே!” என்றார்.

பஞ்சக்காவும் ஓரகத்தியும் பழைய பஞ்சு முழுவதையும் பிடுங்கி எறிந்தார்கள். விலகிய பலகைகளை இளையவர் மறுபடி இறுக்கினார். ஒவ்வோர் இடுக்கும் ‘டங்’ என்று சொன்ன பிறகே பசை பூசினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வீட்டு ஆண்களுக்கும் தைரியம் திரும்பிவிட்டது. இறக்கும் நாள் வந்தது. இந்தத் தடவை விருந்தினரும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பஞ்சக்கா ஏறும் பலகையின் மேல் முனையில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“நீங்க இதுல என்ன செஞ்சீங்க?”

பசை காய்ச்சிய பெண் சொன்னாள், ஏறினாள். மரம் தூக்கியவர்கள் தோளைக் காட்டினார்கள், ஏறினார்கள். கணவர் தலையைச் சொறிந்தார்.

“அடிமரம் செதுக்குனேன். அப்புறம்... பஞ்ச உள்ள இருந்து தள்ளுனேன்.”

“முதல் வேலைக்காக ஏறுங்க.”

பல் மருத்துவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணி, நான் பல்லுப் பிடுங்கறவன். கரையிலயே நிக்கறேன்” என்று ஒதுங்கினார். இதுவரை வந்த முதல் ஓட்டங்களில் அவர் செய்த ஒரே நேர்மையான காரியம் அது.

கடைசியாக மாமனார் வந்தார்.

“நான்... பேசினேம்மா.”

“அது உண்மைதான் மாமா. மரம் தேர்ந்தெடுத்ததும் நீங்கதான், அத ஏன் மறந்தீங்க? ஏறுங்க. இன்னிக்கு மட்டும் உக்காந்துக்கிட்டு வாங்க.”

படகு கரையை விட்டு விலகியது. பஞ்சக்கா முதலில் காலடியைப் பார்த்தார், ஈரமில்லை. பிறகுதான் திரும்பிக் கரையைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆயுளைக் கழித்த பட்டறையைத் தண்ணீரிலிருந்து பார்ப்பது அதுவே முதல் முறை.

“அடியே” என்றார் ஓரகத்தியிடம், “நம்ம பட்டறை இத்தனூண்டுதானா? இதுக்கா இவ்வளவு அலட்டல்?”

அதற்குள் ஓரகத்தி கரையில் தனியாக நின்ற பல் மருத்துவருக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு படகு இருக்கும். முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டவர்கள் இருப்பார்கள், கரையில் நின்று கையாட்டுகிறவர்களும் இருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பவராக இருந்தால் பஞ்சக்காவின் கேள்வியை முதலில் உங்களிடமே கேட்டுப் பாருங்கள். பிறகு எழுந்து, கரையில் நிற்பவர்களுக்குக் கைகொடுத்து ஏற்றுங்கள். தண்ணீர் முழங்காலைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம்.