ஊதிப் பழகிய வாய்

குழந்தைகள் காப்பகத்தில் கஞ்சி ஊட்டியே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். காப்பகத்தை மூடியதும், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் சமுதாயக் கல்லூரியில் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லாரும் பிள்ளை வயது. அதனால் பேர் போய் 'பெரியக்கா' ஆனாள். பாடம் நடத்தும் மேடமே அப்படித்தான் கூப்பிடுவார்.

வாய் ஓயாத மனுஷி. மைக்ராஸ்கோப்பில் நெளியும் கிருமியைக்கூட "எங்கடா ஓடுற, நில்லு" என்று அதட்டுவாள். படிப்பிலும் சோடையில்லை. ஒன்றே ஒன்றுதான் காலை வாரியது. கம்பியின் நுனி வளையத்தைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, அதைக்கொண்டு ஒரே வகைக் கிருமியைத் தொட்டெடுத்து, தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் கோடு இழுக்க வேண்டும். மறுநாள் அந்த ஒரு வகை மட்டும் முளைத்திருக்க வேண்டும். பெரியக்காவின் தட்டில் மட்டும் அழையா விருந்தாளியாக ஒரு மஞ்சள் புள்ளி எட்டிப் பார்க்கும். செய்முறைத் தேர்வு இரண்டு முறை போயிற்று. மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்கும் ஆசையும் போச்சு.

"கையை நல்லாத்தானே கழுவுறேன் மேடம்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். மேடத்துக்கும் பிடிபடவில்லை.

பிடித்துக் கொடுத்தவர் பஸ் ஓட்டும் அவள் கணவர். வேலை முடிந்து வந்தவருக்கு டீயை ஊதி ஊதி நீட்டினாள்.

"குடு, நானே ஊதிக்கிறேன். சூடா எது கையில கிடைச்சாலும் உனக்கு ஊதியாகணும்."

அப்படியே நின்றுவிட்டாள். கம்பி! தீயிலிருந்து எடுத்ததும், கஞ்சிக் கரண்டியை ஊதுவதுபோல அதையும் ஊதியிருக்கிறாள். தீ கொன்று போட்ட இடத்தில் தன் வாய்க் கிருமியைத் தானே குடிவைத்திருக்கிறாள். அத்தனை பேருக்கு நடுவில் மேடம் இவள் வாயையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்கு ஊரார் பிள்ளைகளின் தொட்டிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"பரீட்சை பாஸாகுற வரைக்கும் இந்த வீட்ல எதையும் ஊத மாட்டேன்."

வைராக்கியம் என்னவோ அவளுடையது, சுட்டது அவர் நாக்கு. டீயை ஆறவிட்டுக் குடிக்கும் பொறுமை அந்த மனிதருக்கு எந்தக் காலத்தில் இருந்தது? ஆனாலும் ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை. நல்ல மனுஷன்.

தேர்வன்று கம்பி சிவந்தது. பெரியக்கா உதட்டை இறுக்கிக் கடித்தபடி, அது ஆறும்வரை ஆடாமல் அசையாமல் நின்றாள்.

"என்னக்கா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்? உடம்பு சரியில்லையா?" என்றார் மேடம்.

தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் தட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவள், செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனாள். இந்த முறையும் போய்விட்டது என்றே கணவர் நினைத்தார்.

"போனாப் போகுது விடு. வேற படிப்பா இல்ல..." என்று ஆரம்பித்தார்.

அவள் டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது. டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், நிதானமாக, ஆசை தீர ஊதினாள்.

"இந்தாங்க. இனிமே நாக்கு சுடாது."