கொடியில் பதினோரு துணி

மகள் பிறந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, ஆஸ்பத்திரியில் எங்கள் இருவர் போனிலும் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார்கள். புதுப் பெற்றோருக்குத் தைரியம் வருவதற்காம். எனக்கு உண்மையிலேயே வந்தது. அவள் தும்மினால் போனைத் திறப்பேன், விக்கினால் திறப்பேன். இது சாதாரணம்தான் என்று அது பதில் சொன்னால் போதும், பரீட்சையில் பாஸானதுபோல் அவ்வளவு சந்தோஷம்.

பால் போதுமா என்பதில் மட்டும் பயம் தீரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் குழந்தை மெலிவாக இருக்கிறது, புட்டிப்பால் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தினமும் சாயங்காலம் ஆப் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் போடுவது என் கணவர் வேலை. திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். வெட்டிய துணியில் ஒரு பீஸ் குறைந்தாலும் பண்டிலைக் கட்ட விடமாட்டார். அவரைவிடச் சரியாக யார் போடுவார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

இருபதாம் நாள் ஆப்பில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. குழந்தைக்குப் பால் போதாமல் இருக்கலாம், உடனே நர்ஸிடம் பேசுங்கள் என்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டேனே என்று அழுதேன். கணவர் பால்பவுடர் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான் ஆப்பிலேயே நர்ஸைக் கூப்பிட்டேன். டயப்பர் கணக்குக் கேட்க ஆரம்பித்த இந்த மூன்று நாளும் ஒன்றுகூட நனையவில்லை என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டார்.

"டயப்பரே வாங்கலீங்க. பனியன் வெட்டுன துண்டுத் துணிதானுங்க கட்டறோம்."

"காலையில இருந்து அது எத்தனைங்க நனைஞ்சுது?"

ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பதினோரு துணி. வாளியில் இன்னும் இரண்டு. சொன்னேன். போன வாரம் பார்த்த எடையையும் கேட்டார். அதுவும் ஏறித்தான் இருந்தது.

"பால் தாராளமா இருக்குதுங்க. தைரியமாக் குடுங்க."

துள்ளிக் குதிக்காத குறைதான். உடனே கணவருக்குப் போன் போட்டேன். கடை வாசலில் நின்றிருந்தார். டப்பா வேண்டாம், கொடியில் தொங்குகிற துணியை எண்ணாமல் ஜீரோ போட்டது யார் என்று கேட்டேன்.

"டயப்பர்தானே கண்ணு ஆப்புல கேட்டுது" என்றார் மெதுவாக.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் மகள் படுத்திருந்த என் மடியைச் சூடாக ஏதோ நனைத்தது.

"பதினாலுங்க. போட்டுக்குங்க" என்றேன்.