வாசலில் நட்ட ஏரியல்

பஸ் ஓட்டிவிட்டு வீடு திரும்பினால் டிரைவருக்கு இடுப்பு தன் இடுப்பாகவே இருக்காது. அந்த இடுப்போடுதான் மாலை மாலையாகப் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கீறினார். வீட்டிலிருந்தே கடல்தாண்டிப் பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு நெட்டுக்குத்தாக ஒரு ஏரியல். அதன் அடியிலிருந்து குடைக்கம்பி மாதிரி நாலாபக்கமும் மண்ணுக்குள் செம்புக்கம்பி பரப்ப வேண்டும். பழைய ஏரியலைப் புயல் சாய்த்ததிலிருந்து ரேடியோ ஊமை.

இதற்குள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று. கடலுக்கு அப்பால் இருக்கும் கப்பல் சமையல்காரருக்கு மட்டும் சொல்லவில்லை. முகம் பார்க்காத சிநேகம், வருஷக்கணக்காகக் காற்றிலேயே பேச்சு. "போன்ல பேச ஊரே இருக்கு தம்பி" என்று நம்பர்கூடக் கொடுக்காத மனுஷன். அவர் காதில் பேத்தி சேதியைப் போடாமல் டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவழியாக ஏரியல் நின்றது. மைக்கை அமுக்கி வாயைத் திறந்தார். உள்ளே குழந்தை வீறிட்டது.

"அப்பா, நிறுத்துங்க!" மகள் ஓடிவந்தாள். "தொட்டில்கிட்ட வெச்ச பெட்டி வாத்து மாதிரி கத்துது!"

குழந்தை அழுதால் அடுப்படியில் கேட்கட்டும் என்று வைத்த பெட்டி. அதற்குள் இவர் குரல் புகுந்துவிட்டது.

"இடம் பாத்தீங்களே இடம்! பேத்தி தலமாட்டுலயா நடணும்?" என்றாள் மனைவி.

"நான் தோண்ட ஆரம்பிச்சப்ப அந்த ரூம்ல மூட்டைதானே கிடந்துச்சு?"

"இப்ப மகாராணி கிடக்கா. பிடுங்குங்க."

மாடி என்றால் ஏணி, முட்டி ஒத்துக்கொள்ளாது. மிச்சம் வாசல் கேட்டோரம். ஆனால் தலைக்கு நேராகத் தெருவிளக்கு. அது எரிந்தால் ரேடியோவில் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இரைச்சல். விளக்கு எரிவதற்குள் பேசினால்தான் உண்டு. பஸ் அவரை விடுகிற நேரமும் அதுதான்.

புதைத்த கம்பியை எல்லாம் பிடுங்கினார். வாசலில் மறுபடி குந்தினார்.

"என்ன டிரைவரே, வீட்டுக்குள்ளயே ரூட் போடுறீங்களா?" என்றார் எதிர்வீட்டு டெய்லர்.

"ஆமா. கண்டக்டர் வேலை காலியா இருக்கு, வர்றீங்களா?" சொல்லிவிட்டார், சிரிக்கத் தெம்பில்லை.

வாசலில் ஏரியல் நின்ற பிறகும், தினமும் அவர் வீடு சேருமுன் விளக்கு எரிந்துவிடும். ஒருநாள் ரோடு கொஞ்சம் வழிவிட்டது, விளக்குக்கு முன்னால் வந்துவிட்டார். யூனிபாரத்தோடு முன்னறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். தொட்டில் பெட்டி மூச்சு விடவில்லை.

"அண்ணே, கேக்குதா? பேத்தி! பேத்தி பொறந்திருக்கா!"

"யாருக்கு?" என்றது தூரத்துக் குரல்.

"நமக்குத்தாண்ணே!"

விளக்கு எரிந்தது. இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது. நடுவில் ஒரு சிரிப்பு மாதிரி கேட்டது. சிரிப்புதானா, இரைச்சலா, அவருக்குத் தெரியவில்லை. மைக்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"அங்க யாருகிட்ட பேச்சு? மகாராணி முழிச்சுட்டா, வந்து தூக்குங்க!" உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

ரேடியோவை அணைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.