ஆறே முக்காலுக்கு வெட்டிய பாட்டு

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, லிந்துலையில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் நானும் மச்சானும் ஒரு வானொலி நடத்துகிறோம். வானொலி என்றதும் கோபுரம், அலைவரிசை என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இணையத்தில் போகிறது, கைத்தொலைபேசியில் கேட்கலாம். ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு மைக், குளிருக்காக ஜன்னலில் அடித்த ஒரு பழைய மெத்தை. மெத்தை வெளிச்சத்தம் வராமல் இருக்கத்தான் என்று வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறோம். மச்சான் என் மனைவியின் தம்பி. இயந்திரங்கள் அவன் பொறுப்பு, பேசுவது என் பொறுப்பு. எனக்குப் பேச்சை நிறுத்தத் தெரியாது என்பது அவனுடைய நிரந்தரப் புகார்.

எங்கள் காலை நிகழ்ச்சிக்கு உயிர் கொடுப்பது மரண அறிவித்தல். சிரிக்க வேண்டாம், உண்மை அதுதான். ஆறே முக்காலுக்கு நான் அதை வாசிப்பேன். எந்தத் தோட்டத்தில் யார் தவறினார், எத்தனை மணிக்கு எடுப்பு என்று தெரிந்தால்தான் அன்றைக்குப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுப்பதா, இழவு வீட்டுக்குப் போவதா என்று ஆட்கள் முடிவெடுக்க முடியும். ஒரு நிமிடம் பிந்தினாலும் தொலைபேசி அடிக்கும். ஒருமுறை, இறந்தவரின் மூன்றாவது மருமகன் பேரை விட்டுவிட்டேன் என்று அந்த மருமகனே மாடியேறி வந்தார். அதிலிருந்து, செத்தவர்கள் விஷயத்தில் நான் மிகவும் சுத்தம்.

அதற்கு முன்னால், ஆறு நாற்பதுக்கு, தினமும் ஒரே பாட்டு. மழையைத் திட்டும் ஒரு கும்மிப் பாட்டு. கம்பளி நனைந்ததற்கும், அடுப்பு எரியாததற்கும், அட்டை கடித்ததற்கும் மழையை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு தேர்த் திருவிழாவில் மச்சான் தன் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு வந்தான். பதிவு செய்தான் என்பதுகூடப் பாதி உண்மைதான். பாட்டு தொடங்கியதும் தொலைபேசியைத் தப்புக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவன் சுண்டல் வாங்கப் போய்விட்டான். ஐந்தாறு தோட்டத்துப் பெண்கள் மாறி மாறிக் கும்மியடித்த திருவிழா அது. எந்தக் கூட்டம் பாடியது என்று அவனுக்குத் தெரியாது. சுண்டலில் தேங்காய் போதாது என்பது மட்டும் இன்றுவரை ஞாபகம் இருக்கிறது.

பாட்டு ஏழு நிமிடம். எங்களிடம் இருந்தது ஐந்து நிமிடம். ஆறே முக்கால் ஆனதும் நான் பாட்டின் ஒலியை இறக்கிவிட்டு, குரலைச் சோகமாக்கிக்கொண்டு அறிவித்தலுக்குப் போய்விடுவேன். மீதி இரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. மழையைத் திட்டுவதில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?

இதற்கு ஒரே ஒருவர் மட்டும் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாளாவது, ஏழு மணிக்குச் சற்று முன்னால், பெரட்டுக்கு நடந்துகொண்டே ஒரு பெண் அழைப்பார். பின்னால் காற்றும் ஆட்களின் பேச்சும் கேட்கும்.

"தம்பி, அந்தப் பாட்ட முழுசா போடுங்க."

"சரிங்கக்கா. உங்க பேரு, தோட்டம் சொல்லுங்க. வாழ்த்தோட போட்டுருவோம்."

"பேரெல்லாம் வேணாங்க. முழுசா போட்டா போதும்."

சரிங்கக்கா என்று சொல்லிவிட்டு மறுநாளும் வெட்டுவேன். மச்சான் அவருக்கு முழுப்பாட்டு அக்கா என்று பேர் வைத்தான். மணி அடித்தால், "ஒங்க முழுப்பாட்டு அக்கா வந்துட்டாங்க" என்று தொலைபேசியை என்னிடம் தள்ளிவிடுவான். நான்கு வருடம் இந்த நாடகம் நடந்தது.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாட்டு எழுதியவர்களுக்கும் மெட்டுப் போட்டவர்களுக்கும் உரிமைத்தொகை வாங்கிக் கொடுக்கும் அலுவலகம். சின்ன வானொலியானாலும் அனுமதி எடுக்க வேண்டும், மாதம் முழுக்கப் போட்ட பாட்டுகளை எழுதியவர் பேரோடு பட்டியலிட்டு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மெத்தை வைத்து ஜன்னலை அடைத்திருக்கும் எங்களையும் ஒரு ஆளாக மதித்துவிட்டார்களே என்று பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சினிமாப் பாட்டுகளுக்குப் பேர் கண்டுபிடிப்பது சுலபம். மாதத்தில் முப்பது தடவை போட்ட கும்மிப் பாட்டுக்கு எழுதியவர் யார்? நான் யோசித்து, அந்தக் கட்டத்தில் "ஊர்" என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் அழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அண்ணா, ஊர் எண்டு ஒருத்தரும் வந்து கையெழுத்து வைக்கேலாது. ஆர் எழுதினது?"

"அது பழைய பாட்டுங்க. யாரும் எழுதல."

"ஒருத்தரும் எழுதாமல் பாட்டு எப்பிடி வரும்? அதில காஸ் அடுப்பு எண்டெல்லாம் வருகுதே. நான் கேட்டனான்."

காஸ் விலை ஏறினதால் விறகுக்குத் திரும்பினோம், அந்த விறகையும் நனைத்துவிட்டாயே மழையே என்று ஒரு அடி வரும். நான்கு வருடம் தினமும் கேட்டவன் நான். அதைக் கவனித்தவர் கொழும்பில் இருந்தார். மாதக் கடைசிவரை பொறுக்கலாம், அதற்குள் எழுதியவரைக் கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பாட்டைப் போடக் கூடாது என்றார்.

அந்தப் பாட்டு இல்லாத காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேராக மரணத்தில் போய் விழ வேண்டும். அன்றே வானொலியில் அறிவித்தேன்: இந்தப் பாட்டைக் கட்டியவர் யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் பாட்டு நின்றுவிடும்.

ஒரு வாரத்துக்குள் மூன்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தன் மாமா எழுதியது என்றார். ஒருவர் தொழிற்சங்கத் தலைவர், தானே எழுதியது, ஆனால் எப்போது என்று ஞாபகம் இல்லை என்றார். மூன்றாமவர் ஒரு கல்யாண மேடைப் பாடகர், மெட்டு தன்னுடையது, வார்த்தை யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று தாராளமாகப் பேசினார். எனக்குத் தலை சுற்றியது. கொழும்புக்கே அழைத்து யோசனை கேட்டேன்.

"முழுப் பாட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கோ. சொந்தக்காரருக்குக் கடைசி வரி தெரிஞ்சிருக்குமே" என்றார் அந்த உத்தியோகத்தர்.

மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர் கோடு போட்ட தாளில், தலைவர் சங்கத்துக் கடிதத் தாளில், பாடகர் வாட்ஸ்அப்பில். மூன்றையும் மேசையில் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். மூன்றும் ஒரே இடத்தில் நின்றன: "முற்றத்துச் சேலையும் காயலையே". நான் தினமும் வெட்டுகிற இடம் அது. மூன்று சொந்தக்காரர்களும் பாட்டைக் கற்றுக்கொண்டது என் வானொலியில்தான்.

மச்சானைக் கூப்பிட்டுப் பாட்டை முதலிலிருந்து ஓடவிடச் சொன்னேன். சேலை காயாத இடம் வந்ததும் என் கை பழக்கத்தில் ஒலியை இறக்கப் போனது. மச்சான் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு இரண்டு கண்ணி மழையை மன்னித்தன. கடைசிக் கண்ணியில், இந்தப் பாட்டைக் கட்டினவள் யார் தெரியுமா என்று தொடங்கி, தோட்டத்தின் பேர், டிவிசன், குடியிருக்கும் லயத்தின் எண், அப்பா பேர், பிறகு அவள் பேர், எல்லாம் வரிசையாக வந்தன. கும்மி கட்டுகிறவர் கடைசிக் கண்ணியில் தன் பேரை வைப்பது எங்கள் தோட்டங்களில் வழக்கம். ஒரு படிவத்தைக்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. அந்த முழுப் பூசணிக்காயை நான்கு வருடமாக நான் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்னால் வழக்கமான அழைப்பு வந்தது. "தம்பி, அந்தப் பாட்ட..." என்று தொடங்கினார். நான் இடைமறித்து அந்தக் கடைசிக் கண்ணியில் இருந்த பேரைச் சொல்லி, "நீங்களாக்கா?" என்று கேட்டேன். பின்னால் ஆட்களின் பேச்சு தேய்ந்துகொண்டே போனது. கூட வந்தவர்களை முன்னால் போகவிட்டார் போலிருக்கிறது.

"கேட்டுட்டீங்களா?" என்றார் மெதுவாக.

எனக்கு வந்தது வெட்கம்தான். மன்னிப்புக் கேட்டேன், இரண்டு மூன்று தடவை.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தில் கையெழுத்து வைக்க மாடியேறி வந்தார். ஐம்பது வயதுக்கு அருகில் இருக்கும். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். மெத்தையைப் பார்த்து, "இது எதுக்கு, தூங்கவா?" என்று கேட்டார். நாங்கள் யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. மச்சான் பிளேன்டீ வாங்கிவந்தான். உரிமைத்தொகை பெரிதாக ஒன்றும் வராது என்று நான் முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவைத்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுதியவர் என்ற கட்டத்தில் தன் பேரை, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக எழுதினார்.

"நாலு வருசமாப் போன் பண்ணீங்களே, நான்தான் கட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"பாட்டுக்குள்ள பேரு வந்தா அது வழக்கம். என் வாயால நானே சொன்னா அது பீத்தல் இல்லீங்களா?" என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "ஆனா தம்பி, செத்தவங்க பேரு, அவங்க மருமகன் பேரு வரைக்கும் ஒண்ணு விடாம வாசிக்கிறீங்க. உசுரோட இருக்கிறவ பேர மட்டும் தெனமும் வெட்டிப்புட்டீங்க" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மச்சானும் சிரித்தான். என்னால் முடியவில்லை. முழுப் பாட்டுக்கு நேரம் எங்கே இருக்கிறது, அறிவித்தல் பிந்தினால் ஊர் சும்மா விடாதே என்று ஏதோ உளறினேன்.

"ரெண்டு நிமிசம் முன்னாடி ஆரம்பிச்சா போதுங்களே."

நான்கு வருடத்தில் எனக்கு வராத யோசனை அது. மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கீழே போனான்.

மறுநாள் ஆறு முப்பத்தெட்டுக்குப் பாட்டு தொடங்கியது. என் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பேர் வந்தது, ஆறே முக்காலும் வந்தது, செத்தவர்கள் யாருக்கும் பிந்தவில்லை. ஏழு மணிவரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் அழைக்கவில்லை. அதற்குப் பிறகும் அழைக்கவில்லை.

அவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. பாட்டுக்கு வெளியே அது வந்தால் அவருக்குப் பிடிக்காது. வேண்டுமென்றால் காலையில் பாட்டைக் கேளுங்கள். கடைசிவரை கேட்க வேண்டும்.