தொம்மலூரிலிருந்து பொம்மனஹள்ளிக்கு ஆறு செத்த மானிட்டர்கள்

பெங்களூருக்குப் போய் லால்பாக் பார்க்காமல், ஒரு மசால் தோசைகூடச் சாப்பிடாமல், ஆறு செத்த மானிட்டர்களைப் பொம்மனஹள்ளியில் இறக்கிவிட்டு வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இந்த வருஷம், 2008, ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது சனிக்கிழமை போனேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள். அதனால் நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதிவிடுகிறேன்.

காரணம் என் அக்கா சசிகலா. தொம்மலூரில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறாள். மூன்று வருஷம் முன்னால் தட்டை மானிட்டர் வாங்கியதும் பழைய குண்டு மானிட்டர்கள் எட்டு மிஞ்சின. போன வருஷம் அதில் இரண்டைத் தெருக்கோடிக் காயலான் கடை ஏழுமலையிடம் போட்டாள். செம்புக் கம்பி எடுக்க அவர் ஒயரையெல்லாம் பின்பக்கக் காலி மனையில் குவித்துக் கொளுத்தினார். புகை நேராக அக்கா வீட்டு ஜன்னலில் நுழைந்தது. அவள் மகள் காவ்யாவுக்கு ஐந்து வயது, வீசிங் உண்டு. அன்று குழந்தையை நர்சிங் ஹோமில் சேர்த்து முகத்தில் மாஸ்க் மாட்ட வேண்டியதாயிற்று. "நான் வித்த புகைடா அது" என்று அக்கா இன்னமும் போனில் அழுவாள். அதற்குப் பிறகு அவள் அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லை.

மீதி ஆறை என்ன செய்வது? தயாரித்த கம்பெனியே பழசைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று அவளிடம் படிக்கிற ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். அக்கா போன் போட்டு விசாரித்தாள். பொம்மனஹள்ளி சர்வீஸ் சென்டர், சனிக்கிழமை மதியம் ஒரு மணி வரை. அத்தானுக்கு வெளியூர் வேலை. ஆகவே தூக்க ஆள் வேண்டும், ஆகவே தம்பி.

ஜோலார்பேட்டையில் காலை 5.40க்கு ரயில். கண்டோன்மெண்டில் இறங்கும்போது 8.25. ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் மல்லுக்கட்டி அறுபத்தைந்துக்கு வந்தேன். ஒன்பது மணிக்கு அக்கா வீட்டில் இட்லி. அதுவரை எல்லாம் சுபம்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன டெம்போ வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தெருத்தெருவாகச் சுற்றியதில் கிடைத்த ஒரே லக்கேஜ் ஆட்டோ யாருடையது என்கிறீர்கள்? சாட்சாத் ஏழுமலையுடையது. அக்கா வேண்டவே வேண்டாம் என்றாள். மணி பத்தே முக்கால். ஒரு மணிக்குள் போகாவிட்டால் நான் அடுத்து எப்போது வருவேனோ தெரியாது. அவரோ இந்த ஆறையும் கேட்டு ஏற்கனவே இரண்டு தடவை வாசலுக்கு வந்து போனவர். கடைசியில் சரியென்றாள், ஆனால் முன்னால் அவர் பக்கத்தில் தான்தான் உட்காருவேன் என்றாள். வண்டி வேறு எங்காவது திரும்பிவிடுமோ என்ற பயம்.

வாடகை 250 ரூபாய், அடுகோடி வழியாகப் பதினோரு கிலோமீட்டர். நான் பின்னால் மானிட்டர்களோடு மானிட்டராக உட்கார்ந்து போனேன். சட்டப்படி தப்பு, நீங்கள் செய்யாதீர்கள். அடுகோடியில் ஒரு பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தியதும் அக்கா முகம் வெளுத்துப்போனது. அவர் கயிறு வாங்கத்தான் இறங்கினாராம். ஆறையும் இறுக்கிக் கட்டிவிட்டு, "எனக்குப் போடாம எனக்கே வாடகையும் குடுக்கறீங்க, நல்லா இருங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

11.50க்குச் சேர்ந்தோம். கவுன்டரில் ஒரு கன்னடத்து அம்மா, பொறுமைசாலி. ஒரு ஃபாரத்தை நீட்டி, மானிட்டர் பின்னாலிருக்கும் சீரியல் நம்பரைப் பார்த்து எழுதச் சொன்னார். திருப்பிப் பார்த்தோம். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும்! செத்த மானிட்டர்களைத் திரை உடையாமலிருக்கச் சுவரைப் பார்த்து அடுக்கி வைத்திருக்கிறாள் அக்கா. ஆயுத பூஜைக்கு வெளியே தெரிந்த முதுகில்தான் பொட்டு, அதுவும் பளிச்சென்றிருந்த அந்த வெள்ளை ஸ்டிக்கரில். ஒவ்வொரு வருஷமும் ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு. ஆறிலும் ஒரு எண்கூட மிஞ்சவில்லை.

அந்த அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் "ஆகல்ல மேடம்" என்றார். சில வெளிநாடுகளில் தயாரித்தவரே திரும்ப எடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு அப்படிச் சட்டம் இன்னும் வரவில்லை. கம்பெனி தானாக முன்வந்து செய்கிறது, அதனால் அவர்கள் வைத்த நிபந்தனைதான். தங்கள் சரக்கு என்று நிரூபிக்க நம்பர் கட்டாயம். அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தெரியும். ஏழுமலை வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

பீடியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "வெளிய நம்பர் அழிஞ்சா என்னம்மா, உள்ள தகட்டுல இன்னொரு நம்பர் ஒட்டியிருப்பான். எத்தனை உடைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார். வண்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார். உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும், கையை வைக்காதே என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒவ்வொன்றாக முதுகைக் கழற்றி, நம்பரைக் காட்டி, மறுபடி மூடினார். நாற்பது நிமிஷம். அந்த அம்மா ஆறு நம்பரையும் எழுதி, சீல் வைத்து ரசீது கொடுத்தார். மானிட்டருக்கு ஐம்பது ரூபாய் வண்டிச் செலவும் உண்டாம். அக்கா அதை அப்படியே ஏழுமலை கையில் வைத்தாள்.

அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கவுன்டரில், நான் கொண்டு வந்தாலும் எடுப்பீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். வாங்கி உபயோகித்தவர்களிடம் மட்டும்தான், காயலான் கடையிலிருந்து எடுக்க அனுமதி இல்லை என்றார் அந்த அம்மா. ஏழுமலை எங்களைப் பார்த்து, "அந்தப் புகை எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? ராத்திரியெல்லாம் இருமல்தான்" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை அது.

அக்கா எழுந்தாள். ஒரு வருஷமாக அவரைத் திட்டித் தீர்த்த வாய்.

"உங்ககிட்ட வர்ற இந்தக் கம்பெனி மானிட்டரையெல்லாம் என் பேர்ல கொண்டு வாங்கண்ணே. நான் கையெழுத்துப் போடறேன்."

கவுன்டர் அம்மா காதில் விழுந்தது. விழாத மாதிரி கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

போகிறவர்களுக்கு: முதலிலேயே போன் செய்யுங்கள், சனிக்கிழமையானால் பதினொன்றுக்குள் போங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். பூஜைக்குப் பொட்டு வைக்கும்போது ஸ்டிக்கரை விட்டுத் தள்ளி வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். நம்பர் அழிந்திருந்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள், தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். அன்று எனக்குக் கிடைத்ததெல்லாம் மனிதர்களின் தயவு. ஏழுமலைக்கும் அந்த அம்மாவுக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் இது தயவில் நடக்கிற வேலையாக இருக்கக்கூடாது. செய்தவன் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் வரட்டும், காயலான் கடைக்காரருக்கும் அதில் ஒரு இடம் இருக்கட்டும்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. அந்தக் கம்பெனி ரெஜிஸ்டரின்படி என் அக்கா இதுவரை முப்பத்தொரு மானிட்டர் வைத்திருந்த பெண்மணி. வேறு கம்பெனிச் சரக்கு வந்தால் ஏழுமலை இப்போதும் கொளுத்துகிறார்தான், ஆனால் அதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டிச் சொல்லிவிடுகிறாராம். நேற்று போன் செய்தபோது அக்கா பேச்சுக்கு நடுவில் தெருச்சத்தம் பலமாகக் கேட்டது. எங்கேயாவது வெளியில் நிற்கிறாயா என்றேன்.

வீட்டில்தான் இருக்கிறாளாம். ஜன்னல் திறந்திருக்கிறது, பக்கத்தில் காவ்யா தூங்குகிறாள் என்றாள்.