முன்சீட்டுக் கன்னடம்

செய்தியைக் கொண்டுவந்தவர் கண்டக்டர். பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தார். "டிரைவர் வூட்டம்மா போயிட்டாங்க சார். நம்ம டீச்சரு." அன்று வண்டியை வேறு யாரோ ஓட்டிவந்திருந்தார்.

இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்குக் கனகம்மாள் டீச்சரை வகுப்பறையில் தெரியும். எனக்குச் சனிக்கிழமை பஸ்ஸில். நான் கிருஷ்ணகிரியில் உள்ள வீட்டுக்குப் போவேன். அவருக்குப் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை. ஓசூரில் ஏறுவார், டிரைவருக்குப் பின்னால் உட்காருவார், அதே பஸ்ஸில் திரும்புவார். டிரைவர் மாணிக்கம் அவர் கணவர். விடியுமுன் போய், மனைவி தூங்கியபின் வீடு வருகிறவர்.

"ஒரே வூட்ல இருக்கறதும் கூட இருக்கறதும் ஒண்ணா சார்?" என்றார் டீச்சர் ஒருமுறை, என்னிடம். "மூஞ்சியப் பாத்துப் பேசினா சண்டை வருது. முதுகப் பாத்துப் பேசினா வரமாட்டேங்குது."

"முதுகுக்கு வாயில்ல, அதான்" என்றார் மாணிக்கம், திரும்பாமல்.

தங்களுக்குள் கன்னடம் பேசுவார்கள். மணமான புதிதில் மைசூர்ப் பக்கம் இருந்தபோது கற்றது. பஸ்ஸில் யாருக்கும் புரியாது என்று நம்பினார்கள். கர்நாடக எல்லையில் ஓடும் ஓசூர் பஸ்ஸில்! பூக்காரிக்கும் தக்காளி வியாபாரிக்கும் எனக்கும் எல்லாம் புரியும். ஜன்னலைப் பார்ப்போம். சிரிப்பு வந்தால் இருமுவோம்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. வயிற்றில் கட்டிபோல இருக்கிறது, வளர்கிறது என்றார் டீச்சர், கன்னடத்தில். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் கணவர். படுக்க வைத்துவிடுவார்கள், சனிக்கிழமை போய்விடும் என்றார் டீச்சர். அடுத்த வாரமும் அதே பேச்சு. பஸ் முழுக்கக் கேட்டது. கேளாததுபோல் இருந்தோம்.

குருபரப்பள்ளி தாண்டியதும் பூக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"யக்கா, ஆஸ்பத்திரிக்குப் போக்கா. வீம்பு பண்ணாத."

டீச்சர் திரும்பினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவர்கள் பேசவில்லை. கிருஷ்ணகிரி வரை எஞ்சின் சத்தம் மட்டும்.

திங்களன்று பெங்களூரில் சேர்த்தார்கள். வயிற்றைத் திறந்து பார்த்து, தைத்துவிட்டார்கள். முன்பே வந்திருந்தாலும் செய்ய ஒன்றுமில்லை என்றார்களாம். டீச்சர் பிறகு பஸ் ஏறவில்லை.

சாவு வீட்டில் பூக்காரி என் பக்கத்தில் நின்றாள். "நான் வாய மூடிட்டு இருந்திருந்தா, இன்னும் ரெண்டு மூணு சனிக்கெழம அதுக்குக் கெடச்சிருக்குமா சாமி?"

கிடைத்திருக்கும். அதைச் சொல்லாமல், அவள் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாணிக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி.

என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்குச் சொல்லப்படாத ஒரு வாக்கியம். சூளகிரி தாண்டிய இறக்கத்தில், யாருக்கும் கேட்காது என்று நம்பி, கணவரிடம் அவர் கன்னடத்தில் சொன்னது:

"மெதுவாப் போங்க. ஊர் வந்துடப் போகுது."