காந்தம் வராத வாரங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. எந்த மாதம் எவ்வளவு செம்பு, எஃகு, காந்தம் தேவைப்படும், எப்போது வந்து சேரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். செம்புக்கும் எஃகுக்கும் நாலு இடம் உண்டு. காந்தத்துக்குச் சீனாவை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

அங்கே வேறு சில உலோகங்களை வெளியே அனுப்ப அனுமதி கட்டாயமான செய்தியைப் படித்ததும் எனக்கு உறுத்தியது. அடுத்து காந்தமும் நின்றால் என்ன செய்வது என்று, மாதாந்திரக் கணிப்பில் தனியாக ஒரு வரி சேர்த்தேன். முதலாளி சிரித்தார்.

"இன்னாம்மா, ஜோசியம் பாக்கறியா? பத்து வருசமா வந்துகினு கீற சரக்கு."

அவர் அந்த வரியை நீக்கச் சொல்லவில்லை. நானேதான் அழித்தேன். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்க விருப்பமில்லை.

இரண்டே மாதத்தில் காந்தத்துக்கும் அனுமதி கட்டாயமாகி, சரக்கு நின்றது. சீனாவிலிருந்து படிவம் கேட்டார்கள், அனுப்பினேன். எங்கே பயன்படுத்துவீர்கள் என்று கேட்டார்கள், அதையும் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. கிடங்கில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

மோட்டார் பூட்டும் பிரிவில் பதினோரு பெண்கள். அவர்களுக்குப் பொறுப்பான அக்கா திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வருவார். தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து, "வந்துச்சா மேடம்?" என்பார். நான் இல்லையென்று தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

பூந்தமல்லியில் பழைய இரும்பு வாங்கும் ஒரு பாயிடம் போனேன். மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். எல்லாம் கருப்பு ஸ்பீக்கர் காந்தம்; எங்கள் மோட்டாருக்கு அந்த இழுவிசை போதாது. "நீ கேக்கறது இது இல்லம்மா. அது எங்கிட்டயும் வர்றதில்ல," என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அழுகையாக வந்தது.

கடைசியில், சோதனையில் தேறாமல் ஒதுக்கிய எங்கள் மோட்டார்களையே பிரித்தோம். பசை இளக அக்கா சூடு காட்டினார். பாதிக் காந்தம் சில்லுச் சில்லாக உடைந்தது. சூடு அதிகமானவற்றில் இழுவிசையே இல்லை. நாள் முழுக்கப் போராடி ஆறு மோட்டாருக்குத் தேறியது. அவர் விரலெல்லாம் கீறல்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "லைனை நிறுத்திடலாம். நீயே சொல்லிடும்மா. என்னால முடியாது."

சொன்னேன். பெண்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அக்கா மட்டும் நின்றார்.

"எப்போதான் வரும்? கணக்கு போடறது நீங்கதான மேடம்?"

"நின்னாலும் நிக்கும்னு முன்னாடியே தோணுச்சுக்கா. எழுதி வச்சு, நானே அழிச்சுட்டேன்."

அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார்.

"அழிக்காம இருந்தா, மொதலாளி முன்னாடியே வாங்கி வச்சிருப்பாரா?"

"தெரியலக்கா."

"அது கூடத் தெரியாதா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பல மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. கேட்டதில் கொஞ்சம்தான் வந்தது. மூன்று பேரைத் திரும்ப எடுக்கலாம் என்றார் முதலாளி. முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். திருவேற்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையில் சேர்ந்திருந்தார்.

"நான் வரல மேடம். மறுபடியும் நின்னுச்சுன்னா இன்னா பண்றது?"

அவரே, புருஷன் இல்லாத இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லி, "அதுங்கள மொதல்ல கூப்புடுங்க," என்றார். பின்னால் யாரோ அவரை அழைக்கும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார்.